விசுவாசமும் வேண்டும், வீடும் வேண்டும் என்பவர்களுக்கு

இந்துக் குடும்பத்தில் பிறந்து, பெரியவரான பிறகு இயேசுவை ஏற்றுக்கொண்டவர்களுக்குச் சபையில் நிறையச் சொல்லித்தருவார்கள். எப்படி ஜெபிப்பது, எந்தச் சுவிசேஷத்தை முதலில் படிப்பது, உபவாசம் எப்படி இருப்பது என்று எல்லாம். ஞாயிறு மதியம் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, கதவைத் திறக்கும் அம்மாவின் முகத்தைப் பார்த்து என்ன பேசுவது என்பதை மட்டும் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். அதைத் தட்டுத்தடுமாறித் தனியாகக் கற்றுக்கொள்வதில் எனக்கு ஏறக்குறைய மூன்று வருஷம் போனது. மேற்படிப்புக்கு எடுத்துவைத்த பணத்திலும் ஒரு பகுதி போனது. என் கதையைச் சொல்ல இதை எழுதவில்லை. திரும்பிப் பார்த்தால் பட்ட அடியில் பாதி விசுவாசத்துக்காகப் பட்டதே இல்லை, அவசரத்துக்காகப் பட்டது. அந்தப் பாதியையாவது இனி வருகிறவர்கள் தவிர்க்கலாம் அல்லவா?

முதல் சறுக்கல், செய்தி வீட்டுக்குப் போய்ச்சேரும் விதத்தில் நடக்கிறது. பெரும்பாலும் நாம் சொல்வதற்குள் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். சபை இளைஞர் குழு எடுத்த படத்தை ஒருவர் ஸ்டேட்டஸில் வைப்பார், அதை அத்தை மகன் பார்ப்பான், அன்று ராத்திரியே சித்தப்பா போன் செய்வார். பிள்ளை சர்ச்சுக்குப் போகிறது என்பதைவிட, ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு தனக்குத் தெரிந்தது என்பதுதான் அப்பாவுக்குத் தாங்காது. அதனால் ஞானஸ்நானத்துக்கு முன்பே, நேரில், நம் வாயாலேயே சொல்லிவிட வேண்டும். போனில் வேண்டாம். தீபாவளி, பொங்கல் சமயத்தில் வேண்டாம், அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேண்டவே வேண்டாம். அப்பா, அம்மா இரண்டு பேரில் தாமதமாகக் கோபப்படுகிறவரிடம் முதலில் சொல்லுங்கள். மற்றவரிடம் சொல்ல ஒரு வாரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். இழுத்தால் முதலில் கேட்டவர் அந்த ரகசியத்தைச் சுமந்து நொந்துபோவார்.

என்ன சொல்வது? மூன்று விஷயம் போதும். நான் இதை நம்புகிறேன். இன்னின்னது மாறாது: உங்கள் பிள்ளை என்பது, மாதாமாதம் வீட்டுக்குக் கொடுக்கும் பணம், மருந்து வாங்கித் தருவது, தம்பி படிப்பு. இன்னது மட்டும் என்னால் முடியாது: சாமி கும்பிடுவது. அவ்வளவுதான். அன்றைக்கே சிலுவை, இரட்சிப்பு, நியாயத்தீர்ப்பு எல்லாவற்றையும் விளக்க உட்காராதீர்கள். யோவான் 9-ஆம் அதிகாரத்தில் பார்வை பெற்றவனைக் குறுக்கு விசாரணை செய்தபோது, நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும் என்று சொன்னான். தெரிந்ததை மட்டும் சொன்னதால் அவனை யாராலும் மடக்க முடியவில்லை. அதே அதிகாரத்தில் அவனுடைய பெற்றோர் ஜெப ஆலயத்துக்குப் புறம்பாக்கப்படுவோமோ என்று பயந்து, அவனையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று நழுவியதையும் கவனியுங்கள். நம் வீட்டுப் பெரியவர்களின் கோபத்துக்கு அடியிலும் பெரும்பாலும் அந்தப் பயம்தான் இருக்கிறது. நாளைக்குச் சொந்தக்காரர்கள் பத்திரிகை வைப்பார்களா, பெண் கொடுப்பார்களா?

அடுத்தது பேச்சு. சபைக்குப் போன ஆறே மாதத்தில் நம் தமிழே மாறிவிடும். போனை எடுத்ததும் "ஸ்தோத்திரம்", நல்லது நடந்தால் "கர்த்தருக்கு மகிமை", அடிபட்டால் "அது தேவ சித்தம்". கூட இருப்பவர்கள் எல்லாரும் அப்படியே பேசுவதால் நமக்குத் தெரியாது. அம்மாவுக்கு மட்டும் வேற்று வீட்டுப் பிள்ளை வந்து பேசுகிற மாதிரி இருக்கும். வீட்டில் வீட்டுத் தமிழிலேயே பேசுங்கள். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. வீட்டுச் சாமியை, குலதெய்வத்தைப் பிசாசு என்று ஒருமுறைகூடச் சொல்லிவிடாதீர்கள், பூஜை அலமாரியில் கை வைக்காதீர்கள். புதிதாக வந்தவர்களுக்கு இந்த வேகம் வரும். சில ஊழியக்காரர்கள் அதைத் தூண்டியும் விடுவார்கள். அந்த ஒரு சொல்லைச் சரிசெய்யப் பத்து வருஷம் ஆகும், சில வீடுகளில் ஆகாமலே போகும். விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்லச் சொல்கிறது 1 பேதுரு 3:15. அங்கே "கேட்கிற" என்றும் ஒரு சொல் இருக்கிறது. கேட்காதவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை அந்த வசனத்தில் இல்லை.

இனி ஏச்சுகள் வரும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. "எவ்வளவு வாங்கின?" என்பது முதல் கேள்வி. அரிசிக்காக மதம் மாறியவர் என்ற பொருளில் அரிசி மூட்டை என்று இணையத்தில் திட்டுவதும் இதேதான். இதற்கு வாயால் பதில் சொல்லிப் பயனில்லை. முதல் ஒரு வருஷம் சபையிலிருந்தோ சபைக்காரர்களிடமிருந்தோ பணமாகவோ பொருளாகவோ எதையும் வாங்காதீர்கள். கல்லூரிக் கட்டண உதவி, மிஷன் பள்ளியில் வேலை, கிறிஸ்துமஸ் புடவை, கைமாற்று எதுவும் வேண்டாம். நல்ல மனதோடுதான் தருவார்கள். ஆனாலும் அந்த ஒரு புடவையே ஊரின் சாட்சியாகிவிடும். "வெள்ளைக்காரன் மதம்" என்பது இரண்டாவது. அதற்கு வரலாறு கையில் இருப்பது நல்லது. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார், 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கேயே அச்சானது. கிழக்கிந்தியக் கம்பெனி தமிழ்நாட்டின் பெரும்பகுதியை ஆளத் தொடங்குவதற்கு வெகு முன்பே தமிழில் வேதம் வந்துவிட்டது. வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற பிறகு 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியத்தைப் பாடினார். கம்பனைக் கரைத்துக் குடித்த கை அது, மதம் மாறியதும் தமிழை விட்டுவிடவில்லை. இவ்வளவும் உங்கள் மனத்தெம்புக்குத்தான். சாப்பாட்டு மேசையில் மாமாவை ஜெயிப்பதற்கு அல்ல, ஜெயித்தால் மாமா அடுத்த கல்யாணத்துக்கு உங்களைக் கூப்பிட மாட்டார்.

திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை 1745-இல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சிறையும் சித்திரவதையும் பட்டு 1752-இல் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார், 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். பாடு என்றால் அது. அப்பா இரண்டு நாள் பேசாமல் இருந்ததை எல்லாம் பாடு என்று சபையில் எழுந்து சாட்சி சொல்லாதீர்கள். ஊர் சின்னது, அது அப்பா காதுக்கு வரும்.

பண்டிகைக்கு வருவோம், ஏனென்றால் சண்டை நடப்பது கொள்கையில் அல்ல, அடுப்படியில். பொங்கலன்று பானையில் பால் பொங்குவது வேறு, கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்பது வேறு. எதெது வழிபாடு, எதெது உறவு என்று ஒரு தாளில் நீங்களே எழுதிப்பாருங்கள். வீட்டுக்கு வெள்ளையடிப்பது, கரும்பு வாங்கி வருவது, முறுக்குப் பிழிவது, புதுத்துணி எடுத்துத் தருவது, பெரியவர்கள் காலைத் தொட்டு ஆசி வாங்குவது என்று உறவுப் பட்டியல் நீளமாக இருக்கும். வழிபாட்டுப் பட்டியலில் நான்கைந்துதான் தேறும். அந்த நான்கைந்தில் உறுதியாக இருந்துவிட்டு மற்ற எல்லாவற்றிலும் முன்னைவிட ஒருபடி அதிகமாகவே ஓடியாடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தீபாவளிக்கு முதல்நாளே பையை எடுத்துக்கொண்டு நண்பன் அறைக்குப் போய்விடுவார்கள். அந்தக் காலி இலை பல வருஷம் பேசும்.

பிரசாதம் விஷயத்தில் பவுல் 1 கொரிந்தியர் 8-லும் 10-லும் எழுதியதை முழுதாகப் படித்துவிடுங்கள், ஒரு வசனத்தை மட்டும் பிய்த்து எடுக்காதீர்கள். கடையில் விற்பதைக் கேள்வி கேட்காமல் சாப்பிடலாம், ஒருவர் கூப்பிட்டு இலை போட்டால் போய்ச் சாப்பிடலாம், இது படைத்தது என்று எடுத்துச் சொன்னால் மட்டும் வேண்டாம் என்கிறார். அதாவது உணவு ஆய்வாளர் வேலை பார்க்கச் சொல்லவில்லை. வேண்டாம் என்பதையும் சொல்லும் விதத்தில் சொல்லலாம். நீட்டிய கையைத் தட்டிவிடாமல், "எனக்கு வேண்டாம்மா, அண்ணனுக்குக் குடுங்க, எனக்கு ரசம் ஊத்துங்க" என்றால் முடிந்தது. பெண்களுக்கு இதைவிடக் கடினமானது பொட்டும் பூவும். சில பெந்தெகொஸ்தே சபைகளில் நகை, பூ, பொட்டு எல்லாவற்றையும் விடச் சொல்வார்கள். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கத் திருச்சபைகளில் பூவும் நகையும் சாதாரணம். ஆகவே அது விசுவாசத்தின் அடிப்படை அல்ல, அந்தந்தச் சபையின் ஒழுங்கு. கல்யாணமாகாத மகள் ஒரே நாளில் வெறும் நெற்றியோடும் வெறும் காதோடும் வந்து நின்றால் அம்மாவுக்கு அது இழவு வீட்டுக் கோலம் என்பதை மறக்காதீர்கள்.

எல்லாச் சண்டைக்கும் அடியில் கிடக்கும் கேள்வி ஒன்று உண்டு, கடைசியில்தான் வாயில் வரும்: "நாளைக்கு எனக்கு யாருடா கொள்ளி வைப்பா?" மூத்த மகனாக இருந்தால் இந்தக் கேள்விக்குத் தயாராகாமல் ஞானஸ்நானத் தேதி குறிக்காதீர்கள். உங்கள் போதகரிடம் முன்கூட்டியே கேளுங்கள். தீ மூட்டுவது அடக்கம் செய்வது போன்றதுதான், மந்திரம் சடங்கு இல்லாமல் செய்யலாம் என்பவர்கள் இருக்கிறார்கள், கூடவே கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். சாவு வீட்டில், அழுகைக்கு நடுவே போனில் கேட்டு முடிவெடுக்கும் விஷயமல்ல இது. செய்ய மாட்டீர்கள் என்றால் தம்பியோ சித்தப்பா மகனோ மருமகனோ யார் செய்வார் என்பதை அப்பா உயிரோடு இருக்கும்போதே பேசி, அவர் முன்னாலேயே சம்மதம் வாங்கிவிடுங்கள். பாடை தூக்குவது, ஆஸ்பத்திரி பாக்கியைக் கட்டுவது, காரியத்தன்று நூறு பேருக்குச் சாப்பாடு போடுவது, ராத்திரியில் அம்மா பக்கத்தில் படுத்துக்கொள்வது எதையும் பெரும்பாலான சபைகள் தடுப்பதில்லை. உங்கள் பங்கு அதுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

காகிதங்களைப் பற்றிச் சபையில் பேசவே மாட்டார்கள், தெரியாமல் இழப்பதும் இங்கேதான். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களில் இருப்பவர்களுக்கே எஸ்.சி. தகுதி. சீக்கியரை 1956-லும் பௌத்தரை 1990-லும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் எஸ்.சி.யிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். எஸ்.சி.க்கு 18 சதவீதம், பி.சி.க்கு 26.5 சதவீதம் என்று பார்த்து இடம் கூடுதல்தானே என்று நினைக்காதீர்கள், போட்டி போடும் கூட்டமும் கட்-ஆஃபும் வேறு. கல்வி உதவித்தொகை, வயது வரம்புச் சலுகை எல்லாம் கணக்கில் மாறும். எஸ்.டி. தகுதிக்கு மதம் ஒரு நிபந்தனை இல்லை. "உள்ளே கிறிஸ்தவம், சான்றிதழில் இந்து" என்று இருந்துவிடலாம் என்று சொல்ல ஊரில் ஆள் இருக்கும். புதுச்சேரிப் பெண் ஒருவர் தொடர்ந்த வழக்கில் 2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம், நம்பிக்கை இல்லாமல் இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்று தீர்ப்பளித்தது. சாதி ஒடுக்குமுறை ஞானஸ்நானத் தொட்டியில் கழுவிப்போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும், அந்த ஆணை அநியாயம் என்பதுதான் என் கருத்தும். ஆனால் இன்றைய சட்டம் இது. விலை தெரிந்து கொடுப்பது வேறு, தெரியாமல் பறிகொடுப்பது வேறு.

சொத்து விஷயத்தில் பயமுறுத்தல் அதிகம், உண்மை குறைவு. மதம் மாறினால் சொத்தில் பங்கு கிடையாது என்று சித்தப்பா சொல்வார். இந்து வாரிசுரிமைச் சட்டம் மாறியவரைத் தடுக்கவில்லை. அதன் 26-ஆம் பிரிவு தடுப்பது, மதம் மாறிய பிறகு பிறக்கும் பிள்ளைகளை. வாரிசுரிமை எழும் நேரத்தில் அவர்கள் இந்துவாக இல்லாவிட்டால் இந்து உறவினர் சொத்துக்கு வாரிசாக முடியாது. அப்பா தன் சுயசம்பாத்தியத்தை உயில் எழுதி யாருக்கும் கொடுக்கலாம், அது மதம் மாறாத பிள்ளைக்கும் பொருந்தும். திருமணமான பிறகு ஒருவர் மட்டும் மாறினால் கவனம் வேண்டும். இந்து திருமணச் சட்டம் 13-ஆம் பிரிவின்படி, மதம் மாறியதைக் காரணமாக வைத்து மற்றவர் விவாகரத்து கேட்கலாம். பவுலோ 1 கொரிந்தியர் 7-இல், சேர்ந்து வாழச் சம்மதிக்கும் துணையைத் தள்ளிவிடாதே என்கிறார். துணையை இழுத்துக்கொண்டு சபைக்கு ஓடுவதைவிட, நீங்கள் போவதற்கு அவர் சம்மதிப்பதே முதல் இலக்கு.

பணத்தில் நான் ஏமாந்தது வீட்டுக்காரர்களிடம் அல்ல. தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு), விசேஷ காணிக்கை, கட்டட நிதி, கன்வென்ஷன் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். விதை விதைத்தால் நூறு மடங்கு அறுப்பாய் என்று மேடையில் சொல்வார்கள், வீட்டு எதிர்ப்பால் மனம் புண்பட்டவர்தான் முதலில் கையை நீட்டுவார். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் காணிக்கை, அதாவது கொர்பான், என்று சொல்லி நிறுத்திக்கொண்டவர்களை இயேசு மாற்கு 7-இல் கண்டித்திருக்கிறார். சம்பளம் வந்ததும் முதலில் வீட்டுக்குப் போவது போகட்டும், பிறகு காணிக்கை. வீட்டுப் பணம் குறைந்த மாதமே "அங்க போய்க் குடுக்குறான்" என்று ஆரம்பிக்கும், அப்போது அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கும். கணக்கு காட்டாத சபைக்குக் காணிக்கை கொடுப்பதில் எனக்கு இப்போது சம்மதமில்லை.

இன்னொரு எதிர்மறைப் பேச்சு நாம் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வரும். சபைக்குள்ளேயே சாதி பார்ப்பார்கள், தலைமுறைக் கிறிஸ்தவர்கள் புதிதாக வந்தவரைப் பெண் கேட்க யோசிப்பார்கள், சுகம் கிடைக்காவிட்டால் "உனக்கு விசுவாசம் பத்தல" என்பார்கள். வீட்டில் பட்ட அடியைவிட இது ஆழமாக இறங்கும். இதை முன்பே எதிர்பார்த்திருந்தால் பாதி வலி குறையும். ஞானஸ்நானத்துக்கும் அவசரம் வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபையில் பெரியவர்களுக்கு மாதக்கணக்கில் தயாரிப்பு நடந்து, வழக்கமாகப் பாஸ்கா திருவிழிப்பில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாட்டில், ஞானஸ்நானம். சில தனிச் சபைகளில் அடுத்த ஞாயிறே தண்ணீரில் இறக்கிவிடுவார்கள். மூன்று நான்கு சபைகளைப் பார்த்து, போதகரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: என் பெற்றோரோடு நான் எப்படி இருக்க வேண்டும்? காணிக்கைக் கணக்கை யார் பார்க்கிறார்கள்? முதல் கேள்விக்கு "அவர்களை விட்டு வெளியே வா" என்று பதில் வந்தால் அடுத்த தெருவுக்கு நடையைக் கட்டுங்கள்.

பெரும்பாலான வீடுகளில் இது கோபத்தோடும் கண்ணீரோடும் முடியும். சில வீடுகளில் கை ஓங்கும், அறையில் பூட்டும், கட்டாயக் கல்யாணம் பேசும். அப்போது பொறுமை ஒரு புண்ணியம் அல்ல. மதிப்பெண் பட்டியல், டி.சி., ஆதார், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை முன்பே டிஜிலாக்கரிலும் நம்பிக்கையான ஒருவரிடமும் வைத்துவிடுங்கள். மூன்று மாதச் செலவுக்கான பணம் உங்கள் பெயரிலான கணக்கில் இருக்கட்டும். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, இலவச சட்ட உதவிக்கு 15100. பதினெட்டு வயதாகாதவர்கள் வீட்டை விட்டு வரவே கூடாது, அவர்களுக்கு இடம் கொடுக்கும் சபையும் சிக்கலில் மாட்டும். சிறார் உதவிக்கு 1098.

இத்தனைக்கும் நடுவில் விசுவாசத்தை எப்படிப் பிடித்திருப்பது? பெரிதாக ஒன்றுமில்லை. வீடு எழுவதற்கு முன் இருபது நிமிஷம். ஒரு சங்கீதம், சுவிசேஷத்தில் ஓர் அதிகாரம், பிறகு உங்கள் சொந்த வார்த்தையில் ஜெபம். பழைய திருப்புதல் வேதாகமத்தின் தமிழ் கடினமாக இருந்தால் பொது மொழிபெயர்ப்பு வேதாகமத்தில் படியுங்கள், அதில் ஒரு தோஷமும் இல்லை. சத்தமாக ஜெபிக்கும் சபையில் இருந்தால்கூட வீட்டில் சத்தம் வேண்டாம், அறைக்குள் கதவைப் பூட்டி அந்தரங்கத்தில் ஜெபம்பண்ணச் சொன்னது மத்தேயு 6-இல் இருக்கிறது. ஞாயிறு ஆராதனை ஒன்று போதும், வாரத்தில் நான்கு கூட்டம் போனால் வீட்டில் உங்களுக்கு முகமே இருக்காது. இதே வழியில் பதினைந்து வருஷம் முன்னால் நடந்த ஒருவரைத் தேடிப் பிடித்து மாதம் ஒருமுறை டீ குடியுங்கள். ஊழியக்காரராக இருக்க வேண்டியதில்லை, இல்லாமல் இருந்தாலே நல்லது.

வருஷங்கள் போன பிறகு, அதிகம் திட்டிய அத்தைதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்வார். போகும்போது பையில் வேதாகமம் தெரிகிற மாதிரி எடுத்துப்போகாதீர்கள். ஹார்லிக்ஸும் பழமும் போதும். அவராகக் கேட்டால் மட்டும் ஜெபம் செய்யுங்கள், கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு நிமிஷம், வீட்டுத் தமிழில். முடிந்ததும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு டீ வாங்கக் கீழே இறங்கிவிடுங்கள்.